வெளுத்த கட்டு

ஊர் எரிந்து அடங்கியபோது மிச்சம் இருந்தது ஒரு தானியக் கிடங்கு, ஒரு குளம், குளக்கரையில் ஒரு துவைகல். மரக்கடையில் பிடித்த தீ, காற்றுக்கு ஏற்றபடி கடைத்தெருவுக்குள் நுழைந்து, வீடுகளுக்குள் புகுந்து, கடைசியில் ஆஸ்பத்திரியையும் தின்றுவிட்டுத்தான் ஓய்ந்தது. தப்பித்தவர்கள் எல்லாரும் கிடங்குக்குள் வந்து சேர்ந்தார்கள். கிடங்கில் தானியம் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வெறும் கோணிதான் கிடந்தது. அதை விரித்துப் படுத்துக்கொண்டார்கள்.

சலவைக்கடைக் குடும்பத்துக்குக் கிடைத்தது கதவோரம். புருஷன், பெண்டாட்டி, இரண்டே பேர். அவள் குளத்தில் வெளுப்பாள், அவர் கடையில் இஸ்திரி போடுவார். ஊரில் அவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். அவர் தேய்த்த சட்டையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று கேலி செய்வார்கள், பிறகு அவரிடமே கொண்டுவந்து போடுவார்கள்.

தீ வந்த அன்று மனுஷன் சொந்தச் சாமான் ஒன்றைத் தொடவில்லை. “ஊரான் துணி, ஊரான் துணி” என்று சொல்லிக்கொண்டே மூட்டை மூட்டையாகத் தெருவில் வீசினார். கடைசி மூட்டைக்கு உள்ளே போனபோது கூரைக் கட்டை சரிந்தது. தலைக்கு மேல் வந்ததை இரண்டு கையாலும் தாங்கித் தள்ளிவிட்டு வெளியே வந்தார். மணிக்கட்டு வரைக்கும் தோல் இல்லை. ஊர் அவரை ஒரு நாள் முழுக்கப் புகழ்ந்தது. மறுநாள் ஆளாளுக்கு வந்து அவரவர் மூட்டையை அடையாளம் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். தீக்குத் தப்பிய துணி என்று ஊரில் இருந்ததே அதுதான்.

வைத்தியம் பார்க்க ஆள் கிடையாது. அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சுத்தம். உடுத்தியிருந்ததில் பாதியைக் கிழித்துப் பட்டை பட்டையாக்கி, கொதிக்க வைத்து, உச்சி வெயிலில் காய வைத்து, மூட்டையோடு தப்பி வந்த ஒரே இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுத் தேய்த்துத்தான் புண்ணில் சுற்றுவாள். காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு. அவிழ்த்ததை உடனே அலசப் போய்விடுவாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“என்னங்க, விரலை அசைச்சுப் பாருங்க.”

“அசையுது.”

“எனக்குத் தெரியலையே.”

“உள்ளுக்குள்ள அசையுது.”

“பெட்டி பிடிப்பீங்களா?”

“நீ முதல்ல கட்டைக் கட்டு. அப்புறம் பெட்டியைப் பார்க்கலாம்.”

புண் ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் சீழ் வைக்கவில்லை. வாடை இல்லை. அதுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்த்தது.

மரக்கடைக்காரர் ஊர்க் கமிட்டிக்குத் தலைவரானார். தீ அவர் கடையில் பிடித்ததைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பெரிய ஊருக்குப் போய்ப் பேசத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அவர் ஒரு காலையில் கிடங்கு வாசலில் நின்று சொன்னார்.

“நிவாரணச் சங்கத்துக்காரங்க நாளன்னிக்கு வர்றாங்க. அவங்க பார்த்து மனசு வச்சாத்தான் நமக்குக் கூரை. சொந்தமா ஆஸ்பத்திரி வச்சிருக்காங்க. காயம் பட்டவங்களை வந்த வண்டியிலயே கூட்டிட்டுப் போவாங்க.”

“எல்லாரையுமாண்ணே?” என்று கேட்டாள் அவள்.

“வண்டி கொள்ற அளவுக்கு.”

அவளுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. கூரை வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். அந்தக் கை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், திரும்பவும் பெட்டி பிடிக்க வேண்டும். இதற்கு அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஊரை வெளுக்கக் கிளம்பினாள்.

“பெரியவங்க வர்றாங்க. இந்தக் கோலத்துலயா நிப்பீங்க? கொண்டாங்க துணியை” என்று ஒவ்வொரு குடும்பமாகப் போய்க் கேட்டு வாங்கினாள். சோப்பு ஏது, சோடா ஏது? சாம்பலுக்குத்தான் பஞ்சம் இல்லையே. எரிந்த வீடுகளில் இருந்து கூடை கூடையாக அள்ளி வந்து, தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, அந்தக் காரத் தண்ணீரில் துணியை ஊற வைத்தாள். இரும்புக் கொப்பரையில் வெள்ளாவி வைத்தாள். ரொட்டிக்கடை அக்கா குந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை போய்விட்டது, மகனுக்குக் காலில் தீக்காயம், ஆனாலும் அந்த அம்மாளுக்கு வாய் மட்டும் எரியவில்லை.

“ஏன்டி, இது என் வீட்டுச் சாம்பலா, உன் வீட்டுச் சாம்பலா?”

“உங்க அடுப்படிச் சாம்பல்க்கா. நல்ல விறகு. காரம் தூக்கலா இருக்கு.”

“வீட்டைக் கரைச்சுச் சேலை வெளுத்த முதல் ஆளு நீதான்டி.”

“கொஞ்சம் கஞ்சி இருந்தா இன்னும் நல்லா நிக்கும்.”

“குடிக்கவே கஞ்சியக் காணோம், உனக்குத் துணிக்குக் கேக்குதா? போடி.”

“உங்க மகன் கால்ல சுத்துன கோணியையும் குடுங்கக்கா, அலசித் தர்றேன்.”

“அவன் அவுக்க விடமாட்டேங்குறான். கத்துறான். இருந்துட்டுப் போகுது.”

இரண்டு நாளும் அவளுக்குத் தூக்கம் இல்லை. சங்கத்துக்காரர்கள் வந்து இறங்கியபோது கிடங்கைச் சுற்றிக் கொடி கட்டி வெள்ளை வெளேரென்று துணி ஆடியது. குழந்தைகள் மடிப்புக் கலையாத சட்டையோடு வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள். பெண்கள் தலை சீவியிருந்தார்கள். மரக்கடைக்காரருக்கே பெருமை பிடிபடவில்லை, காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

வந்தவர்களில் முக்கியமானவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. கூட ஒரு கம்பவுண்டர். அம்மா கிடங்கைச் சுற்றி வந்தார், கொடித் துணியை விரலால் தொட்டுப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம்தான் தெரிந்தது. இவ்வளவு தூரம் பயந்து வந்தோமே, பரவாயில்லையே என்கிற மாதிரி ஒரு சந்தோஷம்.

கம்பவுண்டர் காயம் பட்டவர்களை வரிசையாகப் பார்த்தார். அவிழ்த்துப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தும் மோந்தும்தான் ஆள் எடுத்தார். ரொட்டிக்கடைப் பையனின் கோணிக் காலைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏத்து வண்டியில” என்றார். அடுத்து பெட்டிக்காரர். முழங்கையை விலாவில் ஊன்றி, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். கட்டு வெள்ளையாக, மடிப்புத் தெரிய, புதுசு போல இருந்தது.

“ஆறிட்டு வருது போல” என்றார் கம்பவுண்டர்.

“ஆறலைங்க. ஆழமான காயம்” என்றாள் அவள்.

“வலி இருக்கா பெரியவரே?”

பெரிய மனிதர்கள் முன்னால் வலி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “பரவாயில்லைங்க” என்றார்.

“நீ கட்டினதாம்மா இது? பிரமாதமா பார்த்துக்கறே. நர்சுங்களே இப்படிக் கட்ட மாட்டாங்க. இப்படியே பார்த்துக்கோ” என்று அவள் தோளைத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

“ஐயா, ஒரு தடவை பிரிச்சுப் பாருங்கய்யா.”

“அதான் சொன்னேனேம்மா.”

வண்டி நிறைந்தது. போயிற்று. சாயங்காலம் மரக்கடைக்காரருக்குச் சேதி வந்தது. இந்த ஊர் ஜனங்கள் சொந்தக் காலில் நிற்கிறவர்கள், இவர்களைவிடக் கஷ்டப்படுகிற ஊர்கள் இருக்கின்றன, சங்கத்தின் வாழ்த்துகள். கூரை கிடையாது.

அன்று அவளை அடிக்காத குறைதான். “நீ வெளுத்த வெளுப்புல ஊரே வெளுத்துப் போச்சு” என்றார் மரக்கடைக்காரர். காலையில் மகளுக்குச் சட்டை மாட்டி அழகு பார்த்தவள் அதைக் கழற்றி இவள் முகத்தில் விட்டெறிந்தாள். ரொட்டிக்கடை அக்கா மட்டும்தான் பேசாமல் இருந்தாள். அவள் மகன் வண்டியில் போய்விட்டானே, அவள் எதற்குப் பேசுவாள்?

“எல்லாரும் ஒரு கை சோறு உருட்டிச் சாப்பிடணும்னா நீதான் என்கூடச் சங்கத்துக்கு வரணும்” என்றார் மரக்கடைக்காரர். “நீ கெடுத்ததை நீயே வந்து சொல்லு.”

பெரிய ஊரில் சங்கத்துக் கட்டடம் நல்ல குளிர்ச்சி. தரை அவ்வளவு வழவழப்பு, அவள் செருப்பு இல்லாத காலை ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். மத்தியானம் தாண்டித்தான் கண்ணாடி அம்மா உள்ளே கூப்பிட்டார்.

“நான்தான் வந்து பார்த்தேனே. உங்க ஊரைப் பத்தி எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு இருக்கேன்.”

மரக்கடைக்காரர் அவளை இடித்தார்.

“அதெல்லாம் நான் வெளுத்ததுங்கம்மா” என்றாள் அவள்.

“எது?”

“எல்லாமே. எங்களுக்குத் தொழில் அது. பெரியவங்க வர்றீங்களேன்னு சாம்பத் தண்ணியில ஊறப்போட்டு வெளுத்தேன். அழுக்கோட நின்னா உங்களுக்கு மரியாதை இல்லையேன்னு நினைச்சேன்.”

“அவ்வளவையுமா? ஒருத்தியாவா?” அம்மாவுக்கு ஆச்சரியம். “சாம்பல்லயா அவ்வளவு வெள்ளை வந்துது?”

“காரம் தெளிய விட்டா வரும்மா. நீலம் இருந்தா இன்னும்...” என்று ஆரம்பித்துவிட்டாள். தொழில் பேச்சு வந்தால் அவளுக்கு நிறுத்தத் தெரியாது. மரக்கடைக்காரர் அவள் காலை மிதித்தார்.

“அம்மா, உள்ளபடியே நிலைமை ரொம்ப மோசம்” என்று அவர் இழுத்தார். “இன்னொரு தடவை வந்து பார்க்கணும்.”

“எனக்கும் மேல பதில் சொல்லணும் இல்லையா? உதவின்னு குடுக்கறவங்க, நல்லா இருக்கற இடத்துக்கு ஏன் குடுத்தீங்கன்னு கேப்பாங்க. சரி, வர்றோம். இந்த வாரத்துலயே பார்க்கறேன்.”

“என் வீட்டுக்காரர் கை...” என்றாள் அவள். “அதை மட்டும் இப்பவே ஆஸ்பத்திரியில காட்ட முடியுங்களா? நானே நடத்திக் கூட்டிட்டு வந்துடறேன்.”

“ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டிருந்தாரே, அவரா? கம்பவுண்டர் பார்த்துட்டு நல்லா இருக்குன்னுதானே சொன்னார். இருக்கற இடத்தை முடியாதவங்களுக்குத்தாம்மா குடுக்கணும். வர்றப்ப பார்க்கலாம்.”

திரும்பி வந்ததும் மரக்கடைக்காரர் சட்டம் போட்டார். சங்கத்துக்காரர்கள் வந்து போகும் வரை யாரும் துணியில் தண்ணீர் காட்டக் கூடாது. கொடிக் கயிறுகளை அறுத்துச் சுருட்டித் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். வெளுத்த துணிகளை ஊரார் கொண்டுபோய்ச் சாம்பலில் புரட்டினார்கள். சிரித்துக்கொண்டே செய்தார்கள், குழந்தைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. அவள் இரண்டு நாள் வேலை அரை நாழிகையில் போயிற்று. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

“கட்டு?” என்றாள்.

“எல்லாம்தான்” என்றார் மரக்கடைக்காரர்.

“அது புண்ணு மேல இருக்கறதுண்ணே.”

“அன்னைக்கு ஏன் ஏத்தலை அவரை? யோசிச்சுப் பாரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். ரெண்டு நாள் அழுக்கா இருந்தா உயிரா போயிடும்?”

அவர் சொன்னதற்காக அவள் விட்டிருக்க மாட்டாள். விட்டதற்குக் காரணம் அவளே கண்ணால் பார்த்தது. கோணிக் கால் வண்டி ஏறியது, வெள்ளைக் கை தரையில் நின்றது. அன்று மாலை அவள் புதுக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

“மாத்தலையா?” என்றார் பெட்டிக்காரர்.

“நாளைக்கே வந்தாலும் வந்துருவாங்க. இப்படியே இருக்கட்டுங்களா?”

“இருக்கட்டும். நீயும் கொஞ்சம் படு.”

மறுநாள் வரவில்லை. வெயில் கொளுத்தியது. காற்றில் சாம்பல் பறந்து சோற்றிலும் கண்ணிலும் விழுந்தது, கட்டின் மேலும் விழுந்தது. ஈ மொய்த்தது. அவள் விசிறிக்கொண்டே இருந்தாள். கட்டுத் துணி மஞ்சளாக ஊறி வந்ததைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள். பெண்கள் வந்து எட்டிப் பார்த்து, “இப்பத்தான் பார்க்கற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவருக்கு உடம்பு கொதித்தது. பேச்சு குழறியது. வாடை வந்துவிட்டது. ஊர் அழுக்கையெல்லாம் கையாண்டவள், எந்த வாடை எதனால் வரும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த நாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் தண்ணீர் கொதிக்க வைத்தாள். முடிச்சை அவிழ்க்கப் போனபோது ரொட்டிக்கடை அக்கா ஓடி வந்தாள்.

“என்னடி பண்றே? மரக்கடைக்காரருக்கு ஆள் வந்து சொல்லியிருக்கு. காலையில கிளம்பறாங்களாம்.”

“அழுகிட்டு இருக்குக்கா.”

“தெரியுதுடி. இத்தனை நாள் பொறுத்துட்டே. இப்பப் போய் வெள்ளையாச் சுத்தி நிக்க வச்சா மறுபடியும் விட்டுட்டுப் போவாங்க. என் மகனைப் பாரு, கோணி சுத்திப் போனான், இப்பக் காலை ஊனி நிக்கறானாம்.”

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறக்காமலே, “பிரிக்காதே” என்றார். “ஒரு ராத்திரிதானே.”

அவள் அடுப்பை அணைத்தாள். தண்ணீர் அப்படியே ஆறியது.

காலையில் நிஜமாகவே வந்துவிட்டார்கள். கண்ணாடி அம்மா கிடங்குக்குள் நுழைந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. “ஐயோ, முதல்லயே இதைக் காட்டியிருக்கலாமே” என்றார். அங்கேயே நின்று கூரைத் தகடு, போர்வை, அரிசி எல்லாவற்றுக்கும் வாக்குக் கொடுத்தார். மரக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கம்பவுண்டர் இந்தத் தடவை பெட்டிக்காரரிடம்தான் முதலில் வந்தார். கட்டைப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க அவர் முகம் மாறியது.

“இப்படியாம்மா வச்சிருப்பே? அன்னைக்கு எவ்வளவு சுத்தமா இருந்துது. ஏன் விட்டே?”

அவள் பிரித்த கட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அவரைத் தூக்கி ஏற்றினார்கள். அவளும் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்தார்கள். இடது கை பிழைக்கும் என்று காத்திருந்து, அதையும் மணிக்கட்டோடு எடுத்தார்கள். உயிர் தப்பியதே பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னார். அவளிடம் எல்லாருமே நல்லபடியாகத்தான் பேசினார்கள்.

திரும்பி வந்தபோது ஊரில் வரிசையாகத் தகடு போட்ட வீடுகள் எழும்பியிருந்தன. அவர்களுக்கும் ஒன்று விட்டிருந்தார்கள். தகட்டின் சூட்டில் உள்ளே உட்கார முடியவில்லை. அவர் வாசலில் உட்கார்ந்தார். அவள் ஊட்டிவிட்டாள். தெருவில் போகிறவர்கள் பார்க்காத மாதிரி போனார்கள்.

வீடுகளின் திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் மரக்கடைக்காரர் வந்தார். பின்னால் இரண்டு பேர் மூட்டை சுமந்து வந்தார்கள்.

“பழசை மனசுல வச்சுக்காதேம்மா. ஞாயித்துக்கிழமை சங்கத்துப் பெரியவங்க எல்லாரும் வர்றாங்க. வீடு வாங்குன ஜனம் பளிச்சுனு நிக்க வேணாமா? அவங்களுக்கும் குடுத்தது வீண் போகலைன்னு ஒரு திருப்தி வரணும். உன்னை விட்டா யாரு இருக்கா? இந்தா, சோப்பும் நீலமும் வாங்கி வந்திருக்கேன்.”

அவள் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்புறம், இவரை மேடைக்கு முன்னால உட்கார வைக்கிறோம். அவருக்குன்னு தனியா ஒண்ணு குடுக்கறாங்க. அரைக்கைச் சட்டையா போட்டுவிடு. பார்க்கறவங்களுக்குத் தெரியணும்ல?”

அவர் போன பிறகு பெட்டிக்காரர் சொன்னார், “எனக்கு முழுக்கைச் சட்டை வேணும்.”

“சரிங்க.”

“மூட்டையை என்ன பண்ணப் போறே?”

“வெளுக்கத்தான். வேற என்ன தெரியும் எனக்கு? சாப்பாடு நடக்கணுமே.”

வெளுத்தாள். எல்லாவற்றையும் தேய்த்தாள். அவருக்கான சட்டையைக் கடைசியாக எடுத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “கைப்பட்டியை முதல்ல போடு, தோளுக்கு அப்புறம் வா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அப்படியே செய்தாள். சட்டை நன்றாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் மல்லிகைப் பூவாட்டம் இருந்தது. கண்ணாடி அம்மா மேடையில் நின்று ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுப் பொட்டலம் கொடுத்தார். பெட்டிக்காரர் முறை வந்தது. மொடமொடவென்று வெள்ளைச் சட்டை, கைப்பட்டியில் பித்தான். அம்மாவுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. பொட்டலத்தை நீட்டினார். இவர் தலையைக் குனிந்து நின்றார். அம்மா சிரித்துக்கொண்டு, “கூச்சப்படாதீங்க, வாங்கிக்கங்க” என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

மரக்கடைக்காரர் எழுந்து வந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. பெட்டிக்காரரின் பித்தானைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினார். ஒன்று, பிறகு மற்றது. முன்வரிசைக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சங்கத்துப் பெரியவர் ஒருவர் கை தட்ட ஆரம்பித்தார். கூட்டமும் தட்டியது.

பெண்கள் பக்கத்திலிருந்து அவள் எழுந்தாள். ரொட்டிக்கடை அக்கா முந்தானையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. மேடையில் ஏறி, யாரையும் பார்க்காமல், சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டாள். கசங்கிய இடத்தை உள்ளங்கையால் நீவினாள். பித்தானைப் போட்டாள். அடுத்த கையையும் அப்படியே செய்தாள். கை தட்டல் நின்றுவிட்டது. அவள் கண்ணாடி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“பார்த்தாச்சுங்களாம்மா?” என்று கேட்டாள்.

அம்மா தலையை ஆட்டினார்.

“வாங்க, போலாம்” என்று புருஷனின் தோளைப் பிடித்துப் படியில் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். பொட்டலம் அம்மாவின் கையிலேயே இருந்தது. மரக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.